புண்பட்ட கானுயிரும் மறுவாழ்வும்

தொல்காப்பிய மரபியல், உயிர்களின் இளமைப் பெயர்களைத் தொகுத்துக் கூறுமிடத்து யானையின் இளமைக்குக் 'கன்று' என்னும் பெயரை உரியதாக்குவதோடு 'குழவி' என்னும் பெயரையும் உரியதாக்குகிறது. அக்குழவி என்னும் பெயரே மக்களின் மகவுக்கும் உரியது என்பதனையும் அவ்வியலிலேயே காண்கிறோம். காட்டில் ஈன்ற சேயையும் வீட்டில் ஈன்ற சேயையும் ஒரே சொல்லால் அழைத்தனர் நம் முன்னோர். அவர்களே காட்டுயிரை 'விலங்கு' என்றும் அழைத்தனர். விலங்குதல் என்னும் வினைக்குக் குறுக்கிடுதல் என்னும் பொருளோடு விலகுதல் என்னும் பொருளும் உண்டு. முன்னைய சொல் நம்மை அருகில் அழைக்கிறது. பின்னைய சொல் தள்ளி நிற்கச் சொல்கிறது. புண்பட்ட கானுயிரைக் காக்க முற்படுவோர்க்கு இவ்விரு சொற்களும் ஒருங்கே வேண்டும் என்பதே நாம் ஈண்டு எடுத்துரைக்க விழையும் கருத்தாகும்.

வீட்டு விலங்கின் மருத்துவம் நோய் தீர்ந்தவுடன் முற்றுப்பெறுகிறது. கால் ஒடிந்த பசுவுக்குக் கட்டுக் கட்டி, எலும்பு கூடியபின் உடையவரிடம் ஒப்படைத்துவிட்டால் மருத்துவரின் பணி நிறைவெய்தியது. கானுயிரின் நிலை அத்தகையதன்று. எலும்பு கூடிய பருந்து வானில் வட்டமிட வல்லதாதல் வேண்டும். இரையைத் தானே தேடுதல் வேண்டும். தன் இனத்தோடு கூடுதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதரைக் கண்டால் அகலுதல் வேண்டும். புண்ணை ஆற்றுவது மருத்துவம். இவை அனைத்தையும் மீட்டுத் தருவதே மறுவாழ்வு. முன்னது சில கிழமைகளில் முடியலாம். பின்னதற்குச் சில உயிர்களைப் பொறுத்தவரையில் பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

முதற்கண் நிகழ வேண்டுவது

சாலையோரத்தில் அடிபட்ட புள்ளிமானைக் கண்டவுடன் நம்மவர் செய்வன பெரும்பாலும் மூன்று. கூட்டமாகச் சூழ்ந்து நிற்பர். வாயில் நீர் வார்ப்பர். அன்பு மேலிட்டால் தடவிக் கொடுப்பர். மூன்றும் தீங்கு பயப்பனவே. மயங்கிக் கிடக்கும் விலங்கின் வாயில் வார்த்த நீர் மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குள் புகக்கூடும். தடவிக் கொடுக்கும் கையை அம்மான் ஆறுதலாக உணர்வதில்லை. கொல்ல வந்த பகையின் பிடியாகவே உணர்கிறது. அது அசையாமல் கிடப்பதைக் கண்டு அமைதியுற்றது என்று நாம் மகிழ்கிறோம். உண்மையில் அது அச்சத்தின் உச்சம்.

அச்சமும் ஓர் உயிரைக் கொல்லும் என்பது உருவகமன்று. மானினம் ஓடிப் பிழைக்கும் இனம். துரத்தப்பட்டும் பிடிக்கப்பட்டும் நெடுநேரம் திமிறும்போது அதன் தசைகளுக்கு உயிர்வளி போதாமற் போகிறது. லாக்டிக் அமிலம் பெருகுகிறது. உடல் வெப்பம் ஏறுகிறது. தசைநார்கள் சிதையத் தொடங்குகின்றன. சிதைந்த தசையினின்று வெளிப்படும் மயோகுளோபின் என்னும் நிறமி சிறுநீரகத்தைப் பழுதாக்குகிறது. பொட்டாசியம் குருதியிற் கலந்து நெஞ்சத் துடிப்பைக் குலைக்கிறது. உடலில் ஒரு கீறலும் இல்லாத மான் பிடிபட்ட சில மணி நேரத்திலேயே வீழ்வதும், நலமுற்றதுபோல் எழுந்து நின்ற மான் சில நாள் கழித்து இறப்பதும் இதனாலேயே. இதற்கு மருந்து மிகக் குறைவு. வருமுன் காத்தலே வழி. விலங்கின் கண்ணை மெல்லிய துணியால் மூடி, நிழலும் இருளும் ஓசையின்மையும் அமைந்த இடத்தில் கிடத்தி, கூட்டத்தை விலக்கி, வனத்துறையினர்க்குச் செய்தி அனுப்புவதே முதற்கண் செய்யத்தக்கது. சிறு பறவையாயின் காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டி போதும். பறவைக்குப் பால் புகட்டும் வழக்கமும் நம்மிடையே உண்டு. பறவை பாலூட்டி இனத்தைச் சார்ந்ததன்று என்பதனைப் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிட்டு, ஏனோ அந்நேரத்தில் மறந்துவிடுகிறோம்.

சட்டமும் இவ்விடத்தில் குறுக்கிடுகிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு விலங்கைத் தன்வசம் பெற்ற எவரும் 48 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திற்கோ உரிய அலுவலர்க்கோ தெரிவித்தல் வேண்டும். இரக்கத்தால் எடுத்து வளர்த்தேன் என்பது இவ்விதிக்கு விலக்காகாது. இவ்விதி இரக்கமற்றதாகச் சிலர்க்குத் தோன்றலாம். அதன் தேவையைப் பின்னர்க் காண்போம்.

மீட்காமையே மீட்பாகும் இடங்களும் உள. மராட்டிய மாநிலம் புனே மாவட்டத்து ஜுன்னர் வட்டாரத்தில் கரும்புக் காடு பரந்து கிடக்கிறது. ஆள் உயரத்திற்கு மேல் வளர்ந்த கரும்பு, சிறுத்தைக்குக் காடாகவே தோன்றுகிறது. அது அங்கேயே குட்டி ஈனுகிறது. அறுவடைக் காலத்தில் தோகையை விலக்கும் தொழிலாளர் கண்ணில் தாயற்ற குட்டிகள் தென்படுகின்றன. தாய் கைவிட்டது என்று எண்ணி அவற்றைத் தூக்கிச் சென்றால் இரண்டு கேடுகள் நேரும். குட்டிகள் வாழ்நாள் முழுதும் கூண்டில் அடைபடும். குட்டியைத் தேடி அலையும் தாய் சினம் மிகுந்து ஊரைச் சுற்றும். ஆகலின் அங்குள்ள வனத்துறையினரும் மாணிக்தோ மீட்பு மையத்தின் மருத்துவர்களும் வேறு முறையைக் கையாளுகின்றனர். குட்டிகளின் உடல்நலத்தை ஆய்ந்தபின், மாலை மயங்கும் வேளையில் கண்டெடுத்த அதே வயலில் ஒரு பெட்டியில் அவற்றை வைத்துவிட்டுத் தொலைவில் ஒதுங்கி நிற்கின்றனர். இரவில் தாய் வந்து, பெட்டியைச் சாய்த்து, குட்டியைக் கவ்விச் செல்கிறது. மறைவில் பொருத்திய கேமராக்கள் இக்காட்சியைப் பலமுறை பதிவு செய்துள்ளன. மான்கன்றுகளிலும் இதுவே நிலை. புதரில் அசையாது படுத்திருக்கும் கன்றைத் தாய் மறைத்து வைத்துவிட்டு மேயச் சென்றிருக்கிறதே யன்றிக் கைவிட்டுச் செல்லவில்லை. அதனை எடுத்துவந்து காப்பாற்றியதாகக் கூறுவோர் உண்மையில் அதன் தாயிடமிருந்து கவர்ந்து வந்தவராகின்றனர்.

தில்லிப் பருந்துகள்

காயமுற்ற உயிரைச் செம்மையாகப் பேணித் திருப்பி அனுப்புதற்கு எடுத்துக்காட்டுத் தேடுவோர் பெரிய நிறுவனங்களை நாட வேண்டியதில்லை. தில்லி வசீராபாத் பகுதியில் நதீம் ஷெஸாத், முகம்மது சவூத் என்னும் உடன்பிறந்தார் இருவர் தம் வீட்டின் கீழ்த்தளத்தில் நடத்திவந்த பருந்து மருத்துவத்தைப் பற்றி இயக்குநர் சௌனக் சென் எடுத்த 'ஆல் தட் ப்ரீத்ஸ்' என்னும் ஆவணப்படம் 2022இல் வெளியாகி, சண்டான்சு, கான் திரைப்பட விழாக்களில் பரிசு பெற்றது. 2023இல் ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. அவர்கள் பட்டம் பெற்ற கால்நடை மருத்துவர் அல்லர். இளமையில் உடற்பயிற்சியில் கொண்ட ஈடுபாட்டால் தசை, தசைநாண் ஆகியவற்றைப் பற்றி அறிந்த அறிவே அவர்களுக்கு முதற் பாடமாயிற்று. அடிபட்ட பருந்தை அவர்கள் கொண்டு சென்ற பறவை மருத்துவமனையில், புலால் உண்ணும் பறவை என்பதால் ஏற்க மறுத்தனர் என்பதும், அம்மறுப்பே அவர்களை இப்பணியில் செலுத்தியது என்பதும் எண்ணத்தக்கன.

பருந்தைப் புண்படுத்துவது பெரும்பாலும் பட்டம் விடும் மாஞ்சா நூல். கண்ணாடித் தூள் பூசிய அந்நூல், அறுந்தபின் மரத்திலும் கம்பியிலும் கண்ணுக்குப் புலப்படாமல் தொங்கும். தில்லியில் விடுதலை நாளாகிய ஆகஸ்டு 15ஐ ஒட்டிப் பட்டம் விடுதல் பெருவழக்கு. அக்காலத்தில் அடிபட்ட பறவைகளும் குவிகின்றன. விரைந்து பறக்கும் பருந்தின் சிறகு நூலில் படும்பொழுது, தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடையே சிறகின் முன்விளிம்பாக விரிந்திருக்கும் மெல்லிய தோற்படலமும், அதனுள் ஓடும் தசைநாணும் அறுபடுகின்றன. இத்தோற்படலம் மனித உடலில் இல்லாத உறுப்பு. சிறகை விரிக்கும்பொழுது காற்றை ஏந்துவது இதுவே. ஆறிய புண் சுருங்கி இறுகினால் சிறகு முழுதாய் விரியாது. விரியாத சிறகு பறவைக்குச் சுமை. ஆகவே பருந்து மருத்துவத்தில் புண்ணை மூடுவது மட்டும் போதாது; மூடிய புண் நீளத்தையும் நெகிழ்வையும் இழவாதவாறு காத்தல் வேண்டும்.

சிறகு கூடினாலும் இறகு ஒடிந்திருக்கலாம். கூண்டின் கம்பியில் மோதி இறகொடியும் பறவைகள் பல. புதிய இறகு முளைக்க மாதக்கணக்கில் காத்திருத்தல் வேண்டும். அரபு நாடுகளிலும் ஐரோப்பாவிலும் வல்லூறு பழக்குவோர் இதற்கு நெடுங்காலமாகவே ஒரு கலையை அறிந்திருந்தனர். ஒடிந்த இறகின் குழல் போன்ற அடித்தண்டில் மூங்கிற் சிம்பொன்றைச் செருகி, அதே இனப் பறவையினின்று உதிர்ந்த இறகொன்றை அளவு பார்த்து ஒட்டிவிடுவர். வேட்டைக்காகக் கண்ட கலை இன்று கானுயிர் மருத்துவத்தில் உயிரை மீட்கும் கலையாகப் பயன்படுவது நமக்கு வியப்பூட்டுகிறது.

அவ்வுடன்பிறந்தார் பணியில் நம்மைப் பெரிதும் கவர்வது மொட்டை மாடியிலுள்ள பெருங்கூடு. அதன் மேற்பகுதி திறந்திருக்கும். உள்ளே வைக்கும் இறைச்சிக்காகக் காட்டுப் பருந்துகளும் வந்திறங்கும். நலமடைந்துவரும் பருந்துகள் அவற்றோடு பழகும். எந்த நாளில் வெளியேறுவது என்பதனை மருத்துவர் முடிவு செய்வதில்லை. பறவையே முடிவு செய்கிறது. வல்லமை வந்த அன்று எழுந்து பறந்துவிடும். வழியனுப்பும் விழாவும் ஒளிப்படமும் அங்கு இல்லை.

அமேதியில் ஒரு கொக்கு

இனி, அன்பு மிகுந்ததால் சிக்கல் விளைந்த ஒரு நிகழ்ச்சியைக் காண்போம். உத்தரப்பிரதேச மாநிலம் அமேதி மாவட்டத்துச் சிற்றூரொன்றில் 2022 பிப்ரவரியில், வயலில் காலொடிந்து கிடந்த சாரசக் கொக்கு ஒன்றை உழவர் ஒருவர் கண்டெடுத்தார். சாரசம் பறக்கும் பறவைகளுள் மிக உயரமானது. நின்றால் ஓர் ஆளுயரம் இருக்கும். அம்மாநிலத்தின் அரசுப் பறவையும் அதுவே. நம் இலக்கியத்தில் அன்றில் பெற்ற இணைபிரியாப் புகழை வடநாட்டில் இப்பறவை பெற்றுள்ளது. உழவர் அதன் காலுக்குக் கட்டுக் கட்டிக் கைமருத்துவம் செய்தார். கால் கூடியது. அவர் அதனை அடைத்து வைக்கவில்லை. பறந்து செல்ல விட்டுவிட்டார். கொக்கு பிரியவில்லை. அவர் தட்டிலேயே உண்டது. அவர் மோட்டார் சைக்கிளில் செல்லும்பொழுது தலைக்கு மேலே கூடவே பறந்து சென்றது. அக்காட்சி 2023 தொடக்கத்தில் நாடெங்கும் பரவியது.

2023 மார்ச்சு 21இல் வனத்துறையினர் அப்பறவையைக் கொண்டு சென்று ராய்பரேலி மாவட்டத்துச் சமஸ்பூர் பறவைகள் காப்பகத்தில் விட்டனர். ஓராண்டுக்கு மேல் மனிதர் கையில் உண்ட பறவை புதிய நீர்நிலையில் நிலைகொள்ளவில்லை. அருகிலுள்ள ஊருக்குள் புகுந்தது, நாய்களுக்கிடையே சிக்கியது. மீண்டும் பிடிக்கப்பட்டுக் கான்பூர் விலங்குக் காட்சிச்சாலைக்கு அனுப்பப்பட்டது. உழவர் மீது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்குப் பதிவாயிற்று. ஏப்ரலில் அவர் காட்சிச்சாலைக்குச் சென்றபோது, கூண்டிலிருந்த கொக்கு அவரைக் கண்டு துள்ளிச் சிறகடித்ததை மக்கள் கண்டு கலங்கினர்.

இதில் யார் குற்றவாளி என்று அன்று நாடே வழக்காடியது. நம் கருத்தில், உழவர் செய்த முதற் செயல் நற்செயல். சட்டமும் தவறன்று, அன்பின் பெயரால் எவரும் கானுயிரை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால், கிளிக்கூண்டு முதல் கரடிக்குட்டி வரை அனைத்தும் அன்பின் பெயரைச் சூட்டிக்கொள்ளும். குறை இவ்விரண்டுக்கும் நடுவில் இருந்தது. கால் ஒடிந்த பறவையை முதல் கிழமையிலேயே ஏற்றுக்கொண்டு, மனித முகம் காட்டாமல் உணவளித்து, கால் கூடியதும் அதே வயல்வெளியில் தன் இனத்தோடு விடுவதற்கு ஏற்ற மையம் எளிதில் எட்டும் தொலைவில் இருந்திருப்பின், உழவர்க்கு வழக்கும் இல்லை. கொக்குக்குக் கூண்டும் இல்லை. ஓராண்டு கழித்து ஒரே நாளில் பிரித்து எடுப்பது மறுவாழ்வு ஆகாது, அது இடமாற்றமே.

மனித முகம் காட்டாமை என்றோம். அமெரிக்காவில் 1941ஆம் ஆண்டளவில் இருபதைச் சற்றே கடந்த அளவுக்கு அருகிப்போன ஊப்பிங் கொக்கினத்தைப் பெருக்கியபோது, குஞ்சுகளை வளர்த்தோர் உடல் முழுதும் வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு, கையில் கொக்குத் தலை போன்ற பொம்மையைப் பிடித்து, அதன் அலகால் இரையூட்டினர். குஞ்சுகளின் முன்னே பேசாதிருந்தனர். பிறந்தவுடன் கண்ட அசையும் உருவத்தையே தாயாகக் கொள்ளும் இயல்பைக் கான்ராடு லாரன்சு வாத்துக் குஞ்சுகளிடம் ஆய்ந்து 1935இல் விளக்கினார். 1973இல் நோபல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர். அமேதிக் கொக்கு குஞ்சுப் பருவத்தில் எடுக்கப்பட்டதன்று. ஆகவே அதன் நிலை இப்பதிவன்று, பழக்கமே. எனினும் பழக்கமும் அறுத்தற்கரிய கயிறாகலாம் என்பதனை அது காட்டியது.

பரிவைப் பகிர்தல்

எல்லா உயிரிடத்தும் முகத்தை மறைத்தல் இயலுமா? யானைக்குழவியிடம் இயலாது. தாயின் தொடுகையின்றி அது வாழாது. கென்யாவில் சாவோ கிழக்குத் தேசியப் பூங்காவின் முதற் காப்பாளராயிருந்த டேவிட் ஷெல்ட்ரிக்கின் மனைவி டாஃப்னி ஷெல்ட்ரிக் (1934–2018), தாயிழந்த யானைக்குழவிகளை வளர்க்க முயன்று பல்லாண்டு தோல்வியே கண்டார். பசுவின் பாற்கொழுப்பு குழவிக்குச் செரிக்கவில்லை. இறுதியில் தேங்காயெண்ணெய்க் கொழுப்புச் சேர்த்த பால்மாவே ஏற்றதெனக் கண்டறிந்தார். தென்னையோடு வாழும் நமக்கு இச்செய்தி இனிமை தருவது. அப்பாலால் பிழைத்த ஆயிசா என்னும் குழவி அவரையே தாயாகக் கொண்டது. மகளின் திருமணத்தின் பொருட்டு அவர் சில நாள் பிரிந்திருந்தபோது அது உண்ண மறுத்து ஏங்கி, பின்னர் இறந்தது. பால் கிடைத்தும் அக்குழவி பிழைக்கவில்லை.

அதன்பின் அவர் முறையை மாற்றினார். 1977இல் கணவர் மறைந்தபின் அவர் நினைவாக எழுந்த அறக்கட்டளையின் நைரோபிக் காப்பகத்தில், காப்பாளர் பலர் முறை வைத்துக் குழவிகளோடு உறங்குகின்றனர். இன்று ஒருவர், நாளை மற்றொருவர். குழவிக்குக் குடும்பம் கிடைக்கிறது. ஆனால் ஒருவரையே பற்றிக்கொள்ளும் நிலை நேர்வதில்லை. சற்று வளர்ந்தபின் சாவோவின் வோய், இத்தும்பா போன்ற இடங்களுக்குச் செல்கின்றன. பகலில் காட்டில் மேய்ந்து, காட்டு யானைகளைச் சந்தித்து, இரவில் கொட்டிலுக்குத் திரும்புகின்றன. என்றோ ஓரிரவு திரும்புவதில்லை. பல்லாண்டு கழித்து, தாம் ஈன்ற கன்றோடு காப்பாளரைக் காண வந்தவையும் உள. அம்பு தைத்த புண்ணோடு உதவி தேடி வந்தவையும் உள.

திரும்பவே இயலாதவையும் உண்டு. நாட்டில் நெடுங்காலம் ஆட்டுவிக்கப்பட்ட கரடிகளின் மூக்கைத் துளைத்துக் கயிறிட்டனர், பற்களை உடைத்தனர். கறையானைத் தோண்டி உறிஞ்சி உண்ண வேண்டிய விலங்கு அக்கருவிகளை இழந்தபின் காட்டில் பிழைக்காது. ஆதலால் அவற்றை ஆக்ரா, பன்னேர்கட்டா முதலிய இடங்களில் வேலியிட்ட காடுகளில் வாழவிட்டனர். ஈண்டு ஒரு செய்தியைக் குறித்தல் வேண்டும். கரடியாட்டத்தைத் தொழிலாகக் கொண்டோர் கலந்தர் என்னும் வறிய இசுலாமிய நாடோடிச் சமூகத்தார். கரடியை மட்டும் பறித்திருந்தால் அவர்கள் மற்றொரு குட்டியை நாடியிருப்பர். மாற்றுத் தொழிலும் பிள்ளைகளுக்குக் கல்வியும் அளிக்கப்பட்டமையாலேயே 2009இல் இறுதிக் கரடியும் ஒப்படைக்கப்பட்டு அவ்வழக்கம் முடிவுற்றது. பசித்த மனிதனின் மறுவாழ்வைப் புறக்கணித்து விலங்கின் மறுவாழ்வைப் பேசுதல் வெறும் பேச்சே.

ரிவால்டோ

நீலகிரி மசினகுடியை அடுத்த வாழைத்தோட்டத்தைச் சூழ்ந்த காட்டில் ஒரு களிறு. பிரேசில் நாட்டுக் கால்பந்து வீரரின் பெயரால் ரிவால்டோ என்று மக்கள் அழைத்தனர். அது துதிக்கையின் நுனிப் பகுதியை இழந்திருந்தது. ஒரு கண்ணின் பார்வையும் குன்றியிருந்தது.

துதிக்கை இழப்பு எத்தகையது என்பதனை உணர்தல் வேண்டும். யானையைக் 'கைம்மா' என்றும் அதன் கையைப் 'புழைக்கை' என்றும் தமிழ் அழைக்கும். எலும்பே இல்லாத அவ்வுறுப்பால் அது மூச்சு விடுகிறது, மோப்பம் பிடிக்கிறது, நீர் முகக்கிறது, புல் பறிக்கிறது, கன்றைத் தடவுகிறது. ஆசிய யானையின் துதிக்கை நுனியில் விரல் போன்ற ஒரு முனை உண்டு. சிறு பொருளை எடுப்பது அதனாலேயே. நாளொன்றுக்கு 150 கிலோ அளவுக்குத் தழை தேடும் விலங்கு அந்நுனியை இழந்தால், கை விரல்களை இழந்த உழவரின் நிலையே அதற்கும்.

புண்பட்ட காலத்தில் அதற்குப் பழங்களில் மருந்து வைத்து அளித்தனர். புண் ஆறியது. பழத்தின் சுவை மட்டும் ஆறவில்லை. உள்ளூராரும் விடுதிகளுக்கு வந்த சுற்றுலாப் பயணிகளும் தொடர்ந்து உணவளிக்க, ரிவால்டோ வீடுகளையும் விடுதிகளையும் நாடியே நின்றது. யாரையும் தாக்கும் குணம் அதற்கில்லை என்று மக்கள் பரிந்து பேசினர். ஆயினும் காட்டுக் களிறு ஊர்ப்புறத்தில் உலவுதல் என்றேனும் கேடாக முடியும் என்று வனத்துறை கருதியது. 2021 சனவரியில் அதே மசினகுடிப் பகுதியில் மற்றொரு யானையின் மீது எரியும் டயரை வீச, அது புண்பட்டு, மருத்துவத்திற்காகத் தெப்பக்காட்டுக்குக் கொண்டு செல்லும் வழியில் உயிர் நீத்தது. ஊரை நாடும் யானைக்கு நேரக்கூடியது யாதென அந்நிகழ்ச்சி காட்டிவிட்டது.

ரிவால்டோவைப் பழங்காட்டித் தெப்பக்காட்டு முகாமுக்கு நடத்திச் செல்ல முதலில் முயன்றனர். அது பாதி வழியில் திரும்பிவிட்டது. 2021 மே மாதம் வாழைத்தோட்டத்திலேயே மரத்தாலான கராலில் அடைத்தனர். வாழ்நாள் முழுதும் முகாமிலேயே வைத்துப் பேணுவதே பரிவு என்றனர் ஒருசாரார். பல்லாண்டு தானே மேய்ந்து வாழ்ந்த விலங்கைச் சிறைப்படுத்துதல் கொடுமை என்றனர் மற்றொரு சாரார். வழக்கும் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. வல்லுநர் குழு ஆய்ந்து, அது காட்டில் வாழத் தகுதியுடையதே என்று கருதவே, ரேடியோ காலர் பூட்டி, ஆகஸ்டு தொடக்கத்தில் முதுமலைப் புலிகள் காப்பகத்தின் சிக்கல்லாப் பகுதியில் விடுவித்தனர்.

விடுவித்த ஒரே நாளில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நடந்து ரிவால்டோ வாழைத்தோட்டப் பகுதிக்கே திரும்பிவிட்டது.

முயற்சி தோற்றது என்றே பலரும் எண்ணினர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. அந்நடையே அதன் வலிமைக்குச் சான்று. மூன்று மாதம் அடைபட்ட, துதிக்கை குறைந்த, ஒரு கண் மங்கிய விலங்கு, அறியாத காட்டினூடே வழி கண்டு தன் நிலத்தை அடைந்தது. அதன் வீடு வாழைத்தோட்டத்து விடுதிகள் அல்ல. அவற்றைச் சூழ்ந்த சீகூர்க் காடே. விடுதிகள் பின்னர் வந்தவை. ஆகவே மாற வேண்டியிருந்தது யானையின் இடமன்று, மனிதரின் பழக்கமே. வனத்துறையும் இம்முறை அதனை மீண்டும் அடைக்கவில்லை. காலர் காட்டும் இடத்தைக் கொண்டு பணியாளர் பின்தொடர்ந்தனர். வீடுகளை நெருங்கினால் திருப்பினர். பழம் நீட்டுவோரைத் தடுத்தனர். பழம் கிடைக்காத வாயிலில் யானைக்கு வேலையில்லை. பின்னர் அக்களிறு பிற யானைகளோடு நின்று மேய்வதைப் பணியாளர் கண்டனர். நுனியற்ற துதிக்கையால் தழையை வளைத்து ஒடித்து அது தின்றுகொண்டிருந்தது.